முதல் ஒன்றரை மணி நேரம்

கிளப்பில் ரெக்கார்டு போட வந்திருக்கிற பிள்ளைகளே, நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, "நீ ஓப்பனிங் போடு, மெயின் வேறொருத்தர்" என்று சொன்னால் முகத்தைத் தூக்காதீர்கள். நான் தூக்கினேன். அறுபத்தாறு வயதில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன். அதனால் என்னென்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் எனக்கு எதிராக ஏதாவது வந்தால் அது அவளாகச் சேர்த்தது.

நான் போட்டது எலக்ட்ரோ ஃபங்க். மேளத்தை மனிதன் அடிக்க மாட்டான், இயந்திரம் அடிக்கும். பாஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், வயிற்றுக்குள் புரளும். தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல் வரும். தாராவியில் என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கும் கணபதிக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலத்தில், கப்பலில் வேலை பார்த்த அவருடைய கூட்டாளி ஒருத்தர் ஒரு பெட்டி ரெக்கார்டைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு எடுக்க வரவே இல்லை. அந்தப் பெட்டியை முதல் முதலில் கேட்டபோது ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் இடுப்பு என்னிடம் கேட்காமல் நகர்ந்தது. அதோடு பெட்டி என்னுடையது.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். உறையில் இருக்கும் இங்கிலீஷ் எனக்குப் படம்தான். அதனால் ரெக்கார்டின் நடுவட்டத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்தேன். சின்னக் கறுப்புப் பொட்டு என்றால் ஆட்கள் உள்ளே வந்து செருப்பைச் சரிசெய்துகொண்டு நிற்கும்போது போடுவது. பச்சை, தோள் அசைகிறபோது. பெரிய சிவப்பு, கூரை இடிக்கக் குதிக்கும்போது. இன்றைக்கு நீங்கள் கம்ப்யூட்டரில் கலர் கலராகக் குறி வைக்கிறீர்களே, அதற்கெல்லாம் முன்னால் நான் மாட்டுங்கா கடைத்தெருவில் அட்டை அட்டையாகப் பொட்டு வாங்கியவள்.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம், முன்பு அச்சகமாக இருந்த மாடியில் நம் கிளப். அறுபது பேர் நின்றால் பக்கத்தில் நிற்பவரின் மூச்சு நம் மேல் படும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு சாயங்காலம் அது என்னுடையது. ஆறு வருடமாக. ஐந்து மணிக்கு யாராவது ஓப்பனிங் போடுவார்கள், ஆறரைக்கு நான் ஏறுவேன், எட்டரை வரை மெயின் நான்தான். என் வயதுப் பெண்ணை வேறு எந்தக் கிளப்பும் வாசல்படி ஏற விடாது. அந்த முதல் ஞாயிறு போனால் எனக்கு வேறு ஞாயிறு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள், அப்போதுதான் என்னை ரொம்பத் திட்ட மாட்டீர்கள்.

ஒரு நாள் கிளப் ஓனர் போன் செய்தார். நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்லும்போது மட்டும் குரலில் சர்க்கரை கூடும்.

"ஆச்சி, சாப்டீங்களா? டென்ஷன் எடுக்காதீங்க. இந்த சண்டே மாட்டுங்கா சார் வராரு. அவரு மெயின். நீங்க ஓப்பனிங்."

"எவன்வே அது மாட்டுங்கா சார்?"

"பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. எய்ட்டீஸ்லயே எலக்ட்ரோ போட்டவராம். இப்ப திரும்ப ஆரம்பிச்சிருக்காரு. எல்லாரும் கேக்கறாங்க ஆச்சி. ஒரு சண்டே பாப்போம். நல்லா போச்சுன்னா..."

"போச்சுன்னா?"

"பாப்போம் ஆச்சி."

இந்த "பாப்போம்" என்ற வார்த்தையை நம் தொழிலில் யார் சொன்னாலும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மருமகள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே போனில் அவரைப் பற்றி வந்திருந்த கட்டுரையை வாசித்துச் சொன்னாள். படத்தில் மனிதர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ரெக்கார்டு அலமாரி முன்னால் கை கட்டி நின்றார். அலமாரியே என் வீட்டு அகலம். பம்பாயில் எலக்ட்ரோ ஃபங்க்கை முதலில் போட்டவர் அவர்தான் என்று எழுதியிருந்தது.

"ஏட்டி, என்னையப் பத்தி ஒரு வரி உண்டா?"

"இருக்கு அத்தே." அவள் சிரிப்பை அடக்கினாள். "தாராவிப் பக்கம் ஒரு பெண்மணியும் இந்த இசையைப் போட்டதாகச் சொல்வதுண்டுன்னு கடைசியில போட்டிருக்கு."

ஒரு பெண்மணியும். அந்த "உம்" என் நெஞ்சில் மீன் முள் மாதிரி நின்றது. அவர் மாட்டுங்காவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், நான் தாராவி மண்டபத்தில் நானூறு பேரை ஆட விட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என்னைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் நிற்க அலமாரி இல்லை.

பொறாமை என்றால் இரவெல்லாம் தூக்கம் வராது என்பார்கள். பொய். நான் நன்றாகத் தூங்கினேன். ஏனென்றால் என்ன செய்யப்போகிறேன் என்று படுப்பதற்குள் முடிவாகிவிட்டது.

ஓப்பனிங்குக்கு ஒரு முறை உண்டு. நம் மண்டபக் கல்யாணத்திலிருந்தே அது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வாசலுக்கு வரும்வரை உள்ளே குதிக்கிற பாட்டுப் போடக்கூடாது. சனம் நாற்காலியில் நெளிய வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. முன்னாலேயே ஆட்டிவிட்டால் மாப்பிள்ளை வரும்போது எல்லாரும் பந்திக்கு இடம் பிடிக்கப் போயிருப்பார்கள். கிளப்பிலும் அதே கதைதான். ஓப்பனிங் போடுபவர் ஃப்ளோரை, அதாவது ஆடுகிற இடத்தை, நிரப்பலாம், வேர்க்க விடக்கூடாது. வேகத்தைக் கூட்டக்கூடாது. மெயினில் வருபவருக்கு என்று ஒரு ரெக்கார்டு இருந்தால் அதைத் தொடவே கூடாது.

மாட்டுங்காக்காரருக்கு அப்படி ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் யாரோ மூன்று முறை தும்முவது போல இயந்திரம் சத்தம் போடும், நாலாவது தும்மலுக்கு பாஸ் விழும். அவர் எங்கே போட்டாலும் அதில்தான் தொடங்குவார் என்று மருமகள் வாசித்த கட்டுரையிலேயே இருந்தது. அந்தத் தும்மல் ரெக்கார்டு என் பெட்டியிலும் இருந்தது. பெரிய சிவப்புப் பொட்டு.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஏறினேன். ஊருக்காக ஒரே ஒரு கறுப்புப் பொட்டு போட்டேன். பிறகு பச்சையைத் தாண்டி நேராகச் சிவப்புக்குப் போய்விட்டேன்.

காட்கோபரிலிருந்து ஒரு நர்ஸ் மாதந்தோறும் வருவாள். இடது ஸ்பீக்கர் பக்கம் அவளுடைய இடம். ஃப்ளோர் எப்படி இருக்கிறது என்று தெரிய நான் அவளைத்தான் பார்ப்பேன். வழக்கமாக ஆறரைக்கு மேல்தான் அவள் தலைமுடியை அள்ளிக் கொண்டை போடுவாள். அன்று ஐந்தே காலுக்குக் கொண்டை போட்டாள். ஐந்தரைக்குத் துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். ஐந்தே முக்காலுக்கு அறுபது பேரும் ஒரே ஆளாகக் குதித்தார்கள். ஆறேகாலுக்கு நான் தும்மலைப் போட்டேன். மூன்று தும்மல், நாலாவதுக்குக் கூரைப் பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. நிஜமாக உதிர்ந்தது, ஓனர் தலையில்.

அந்த நேரம் பார்த்து மாட்டுங்காக்காரர் படி ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை. ஒரு கணம் கதவருகே நின்று கேட்டார். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. பெட்டியைக் கீழே வைத்துத் திறந்து, முன்வரிசையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு ரெக்கார்டை எடுத்துக் கடைசியில் சொருகினார். எது என்று எனக்குத் தெரியும்.

ஆறரைக்கு இடத்தை விட்டேன்.

"நமஸ்காரம்க்கா," என்றார். "ரொம்ப நன்னா சூடு பண்ணி வெச்சிருக்கேள்."

"உமக்காகத்தான் அண்ணாச்சி."

அவர் முதல் ரெக்கார்டைப் போட்டார். ஃப்ளோரில் இருந்தவர்கள் மரியாதைக்கு இரண்டு நிமிடம் அசைந்தார்கள். பிறகு ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனார். அவர் பின்னால் நாலு பேர். பிறகு பால்கனியில் காற்று வாங்க ஒரு கூட்டம். ஏழு மணிக்கு ஃப்ளோரில் ஒன்பது பேர். இடது ஸ்பீக்கர் பக்கம் நர்ஸ் தரையில் உட்கார்ந்து தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். மனிதர் வேகத்தைக் கூட்டவில்லை, கெஞ்சவில்லை. அந்த ஒன்பது பேருக்காக எட்டரை வரை ஒழுங்காகப் போட்டு, பெட்டியை மூடி, எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்குக் கோயில் பிரசாதம் சாப்பிட்ட மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் வேறு மாதிரி எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள்.

மறுநாள் ஓனர் போன் செய்தார். குரலில் சர்க்கரை இல்லை.

"ஆச்சி, நீங்க பண்ணது தப்பு. உங்களுக்கே தெரியும்."

"சனம் ஆடுச்சா இல்லையா?"

"ஆடுச்சு. ஆறரைக்குள்ள ஆடி முடிச்சிடுச்சு. நான் அவர்ட்ட மன்னிப்பு கேட்டேன். அவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா? அடுத்த மாசம் அக்கா மெயின் போடட்டும், நான் ஓப்பன் பண்றேங்கறாரு."

போனை வைத்துவிட்டு நான் சமையல்கட்டில் தனியாக ஒரு ஆட்டம் போட்டேன். மருமகள் பார்த்துவிட்டாள்.

"ஜெயிச்சுட்டீங்களா அத்தே?"

"ஜெயிச்சாச்சுட்டி."

"அப்ப அவரு அடுத்த மாசம் உங்களுக்கு இதையே பண்ணுவாரே?"

அட. அதை நான் யோசிக்கவில்லை. ஒரு மாதம் முழுக்க அதே யோசனை. அவரிடம் என்னை விட நாலு மடங்கு ரெக்கார்டு. ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால் ஆறரைக்கு நான் ஒன்பது பேருக்கு முன்னால் நிற்க வேண்டும். என் பேத்தி வயதுப் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு "பாப்போம்" கூட இருக்காது. அவரைச் சமாளிக்க ஒளித்துவைத்த சிவப்பையெல்லாம் தோண்டி எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். ஒரு கறுப்பு கூட வைக்கவில்லை.

அடுத்த மாத முதல் ஞாயிறு நாலே முக்காலுக்கே போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் எப்போது கொளுத்துகிறார் என்று பார்க்க வேண்டும்.

அவர் கொளுத்தவே இல்லை.

முதல் ரெக்கார்டு போட்டார். ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நிற்கவில்லை, ஆனால் பேசுகிறவர்களின் தலை ஆடத் தொடங்கியது. அடுத்ததில் தோள். அவர் நடுநடுவே நிமிர்ந்து கதவைப் பார்த்தார், யார் புதிதாக வருகிறார்கள், தயங்குகிறார்களா என்று. தயங்குகிற ஆள் வந்தால் ஒரு ரெக்கார்டு பின்னால் போனார், அவரையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஒரு படி ஏறினார். ஆறு மணிக்கு அறுபது பேரும் ஃப்ளோரில். ஒருத்தர் நெற்றியிலும் வேர்வை இல்லை. நர்ஸ் கையைத் தூக்கிக் கூந்தலைப் பிடித்தாள், கொண்டை போடலாமா என்று யோசித்தாள், விட்டுவிட்டாள். மூன்று தடவை அப்படிச் செய்தாள். பால் பொங்கப்போகிற நேரத்தில் அடுப்பைச் சின்னதாக்கி, விளிம்பிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றரை மணி நேரம் அந்த மனிதர் அதைச் செய்தார்.

என் வயிறு எரிந்தது. போன மாதம் எரிந்தது ஒன்றுமே இல்லை. அந்தப் பொறாமை அவருடைய சட்டையின் மேல், அலமாரியின் மேல், கட்டுரையின் மேல். இது அவருடைய கையின் மேல். முதல் வகைக்கு மருந்து உண்டு, நாலு கெட்ட வார்த்தை போதும். இரண்டாவது வகைக்கு இல்லை.

ஆறரைக்கு அவர் பெட்டியிலிருந்து அந்தத் தும்மல் ரெக்கார்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"என்னோட காப்பி நன்னா கேக்கும், உங்களோடதுல கொஞ்சம் கீறல் இருக்கு. நீங்களே போடுங்கோ."

கீறல் இருப்பது உண்மை. போன மாதம் வாசலில் நின்று ஒரு நிமிடம் கேட்டதில் அதையும் பிடித்திருக்கிறார், பாருங்கள்.

போட்டேன். மூன்று தும்மல். நாலாவதுக்கு அந்த அறை வெடித்த மாதிரி என் வாழ்க்கையில் எந்த அறையும் வெடித்ததில்லை. நர்ஸ் கொண்டையும் போடவில்லை ஒன்றும் போடவில்லை, தலைமுடியை விரித்துக்கொண்டு ஆடினாள். எட்டரை வரை நான் எதைத் தொட்டாலும் பிடித்தது. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஓனர் கும்பிட்டார். முதல் ஞாயிறு என்னுடையதுதான் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

ஆனால் எனக்கு உள்ளே தெரிந்தது. அது என் வெடி இல்லை. அவர் அடைத்துக் கொடுத்தார், நான் தீக்குச்சி கிழித்தேன். தீக்குச்சி கிழிக்க யாருக்கும் தெரியும்.

ஊர் பாராட்டுகிறபோது நமக்குப் பொறாமை வருவது ரொம்ப அசிங்கமான விஷயம். யாரிடமும் சொல்ல முடியாது. மருமகளிடம் சொன்னேன்.

"அத்தே, நீங்க ஜெயிச்சதுக்கும் அழுவுறிய, தோத்ததுக்கும் அழுவுறிய. உங்களுக்கு என்னதான் வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஓனருக்கு நானே போன் செய்தேன்.

"அடுத்த மாசம் அவரே மெயின் போடட்டும். நான் ஓப்பனிங்."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"ஆச்சி, மறுபடியுமா? வேணாம் ஆச்சி. கூரை தாங்காது."

"இல்லவே. முறையா போடுதேன்."

"சத்தியமா?"

"உம்ம கிளப்பு மேல சத்தியம்."

"அதுமேல வேண்டாம்."

அவர் கொடுக்கத்தான் கொடுத்தார். ஆனால் இன்னொரு முறை அந்த மாதிரி செய்தால் மெயின் மட்டும் இல்லை, எந்த ஞாயிறும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான்.

மூன்றாம் மாதத்து முதல் ஞாயிறு. பெட்டியில் கறுப்பும் பச்சையும் மட்டும். ஒரே ஒரு சிவப்பு, அதுவும் ஆபத்துக்கு. பிள்ளைகளே, வாழ்க்கையில் எவ்வளவோ கூட்டத்தைச் சமாளித்திருக்கிறேன். மண்டபத்தில் கரண்ட் போய், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கைகலப்புக்கு நின்றபோதுகூட நான் ஸ்டூலை விட்டு அசையவில்லை. அன்று ஐந்து மணிக்குள் பெட்டியை மூன்று தடவை கலைத்து அடுக்கினேன். ஆட விடுவது எனக்குத் தெரியும். ஆட விடாமல் அங்கேயே நிறுத்தி வைப்பது தெரியாது.

ஐந்தரை வரை நன்றாகப் போனது. மாட்டுங்காக்காரர் செய்த மாதிரியே கதவைப் பார்த்தேன், தயங்குகிறவர்களைப் பார்த்தேன். பிறகு ஒரு கூட்டம் வந்தது, ஏழெட்டுப் பேர், பிறந்தநாளாம். உள்ளே நுழைந்ததுமே கையைத் தூக்கிக் கத்தினார்கள். அறை திரும்பிப் பார்த்தது. சூடு சரசரவென்று ஏறுவது எனக்குக் காலில் தெரிந்தது. நர்ஸ் நேராக என்னிடம் வந்துவிட்டாள்.

"ஆச்சி, க்யா ஹோ கயா, என்ன ஆச்சு? போன தடவ மாதிரி ஒண்ணு போடுங்க. ஒண்ணே ஒண்ணு."

"இன்னும் நேரம் இருக்கு தாயி."

"ஒண்ணுதானே ஆச்சி!"

கை சிவப்புப் பொட்டின் மேல் போய்விட்டது. அந்த நேரம் அதைப் போட்டிருந்தால் எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பார்கள். மாட்டுங்காக்காரர் இன்னும் வரவில்லை. வந்து பார்த்தாலும் கேட்க மாட்டார், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஓனர்தான் பாரிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெட்டியின் கடைசியிலிருந்து ஒரு கறுப்பை எடுத்தேன். பச்சை கூட இல்லை, கறுப்பு. சத்தத்தையும் ஒரு விரல் குறைத்தேன். பிறந்தநாள்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு பேர் பால்கனிக்குப் போனார்கள். எல்லாரும் போய்விடுவார்களோ? பிறகு அந்தப் பாட்டின் பாஸ் மெல்ல அவர்களுடைய கால் வழியே ஏறியது. கத்தினவர்கள் கத்துவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். சத்தம் குறைந்தால் மனிதன் கிட்டே வருவான், பார்த்திருக்கிறீர்களா? பால்கனிக்குப் போனவர்கள் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்கள். அப்புறம் உடம்பும் வந்தது. அங்கிருந்து ஒரு படி, இன்னொரு படி. ஆறரைக்கு அறுபது பேரும் விளிம்பில் நின்றார்கள். ஒருத்தரும் வேர்க்கவில்லை. எனக்குத்தான் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

மாட்டுங்காக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். ஃப்ளோரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நமஸ்காரம் சொல்ல மறந்துவிட்டார்.

"எடுத்துக்கிடும் அண்ணாச்சி," என்றேன்.

அவர் எடுத்துக்கொண்டார், அறை வெடித்தது, எட்டரை வரை வெடித்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். நர்ஸ் அவருக்குக் கை கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து, "ஆச்சி, அந்த ஆரம்பத்துல போட்டீங்களே, அப்பா..." என்று நெஞ்சில் கை வைத்தாள். அவர் காதில் விழுந்தது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஜெயித்த மனிதனின் முகம் ஓரத்தில் கசங்கியது. அந்தக் கசங்கல் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதம் அதைக் கண்ணாடியில் பார்த்தவள் நான்.

பெட்டி கட்டும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, அடுத்த மாசம் நான் ஓப்பன் பண்ணட்டுமா?"

"ஏன், மெயின் கசக்குதா?"

"அதுக்கில்லே. அஞ்சு மணிக்கே வந்து நிக்கறது உங்களுக்குச் சிரமம். முழங்கால்..."

"எம் முழங்காலு நல்லாத்தான் இருக்கு. உம்ம முழங்காலைப் பாத்துக்கிடும்."

"போன தடவை நான் பண்ணினேனோல்லியோ, இந்தத் தடவை நீங்க. அப்போ முறைப்படி அடுத்தது நான்தானே?"

"முறையப் பத்தி எங்கிட்டயா பேசுதீரு? மூணு மாசத்துக்கு நான் எழுதி வாங்கியாச்சு."

வாங்கவில்லை. பொய்தான். அவர் திரும்பி ஓனரைப் பார்த்தார். நானும் ஓனரைப் பார்த்தேன், ஆமென்று சொல்லும் என்கிற மாதிரி. ஓனர் கையில் பிடித்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை மேஜையில் வைத்தார்.

"ரெண்டு பேரும் ஓப்பனிங்குக்குச் சண்டை போடுறீங்க. அப்ப மெயின் யாரு போடுறது?"

மாட்டுங்காக்காரர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக ஸ்டேஷனைப் பார்த்தேன்.

அப்படித்தான் உங்களில் ஒருத்திக்கு முதல் ஞாயிறு மெயின் கிடைத்தது. திறமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். சொல்லிக்கொள், கண்ணு. எனக்கு அதில் துளிகூடப் பொறாமை இல்லை.